நம் தெருவுக்குப் பெயர் வைப்பது யார்?

புதுக்கோட்டையில் ராஜகோபாலபுரமும் மார்த்தாண்டபுரமும் மன்னர்களின் பெயர் தாங்கியவை. புதிதாக வீடுகள் எழும் பகுதிகளிலோ, மனை விற்றவர் பலகையில் எழுதிய பெயரே பல நேரம் நிலைத்துவிடுகிறது.

2024-ல் மாநகராட்சியான இவ்வூரில், அதிகாரப்பூர்வமாகப் பெயர் சூட்ட மாமன்றத் தீர்மானம் வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் குடியிருப்போரே இந்தக் கோரிக்கையை வைக்கலாம். 2025 அக்டோபரில் சாதிப் பெயர்களை நீக்க வந்த அரசாணையும் மக்கள் கருத்தைக் கேட்கச் சொல்கிறது.

ஜமாஅத்தில் மட்டும் பேசி முடித்துவிடாதீர்கள். தெருவிலுள்ள எல்லாச் சமூகத்தாரும் மனுவில் கையெழுத்திடட்டும், முகவரி அவர்களுக்கும்தானே! ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்றிருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அலையப்போவது நம் பிள்ளைகள். தீர்மானம் நிறைவேறியதும் நகலை வாங்கி, தபால் நிலையத்திலும் ஒன்று கொடுத்து வையுங்கள்.