ஐயாயிரம் அடிக்கு மேலே ஓர் அடைக்கலம்



"சேர், குரங்குக்குத் தனியா ஒரு காடு குடுத்தா எங்க கரட் தப்பிக்குமே?" ஏழாம் ஆண்டு மாணவி கேட்டாள். லயத்துக்குப் பின்னாலிருந்த பாத்தி போன வாரம் காலியாம்.

காடு இருந்தது மகள். 1830களிலிருந்து கோப்பிக்காக அழிந்தது. விற்றது அரசு, வாங்கியது துரைமார், உழைத்தது உங்கள் முன்னோர். 1869இல் கோப்பியில் இலைநோய் வந்தது. பிறகு தேயிலை ஏறியது.

1873இல் லண்டன் கியூ பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்றார். அப்படித் தப்பியவற்றில் ஒன்றுதான் ஹோட்டன் சமவெளி. 1988இல் அது தேசியப் பூங்காவானது. 'கரடிக் குரங்கு' எனப்படும், அடர்ந்த உரோமமுள்ள மந்தி அங்கே வாழ்கிறது. அழிந்துவிட்டதாக எண்ணிய மலைத் தேவாங்கை 2002இல் மீண்டும் கண்டார்கள். அதன் முதல் படம் 2010இல் வெளியானது. இந்த இரண்டு இனமும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

இப்படிக் கூண்டில்லாத சரணாலயம் கொஞ்சம்தான் மிச்சம். கீழே காடு துண்டு துண்டாகிவிட்டதால் குரங்கு லயத்துக்கு வருகிறது.

கரட் போனது உண்மையான நட்டம். ஆனால் அந்தக் கணக்கைக் குரங்கின் பெயரிலோ, ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லாத அந்த வீட்டின் பெயரிலோ எழுதுவது நியாயமா?