குடும்பக் காணியை எத்தனை தலைமுறைக்குக் கட்டி வைக்கலாம்?

“இந்தக் காணியை எவரும் விற்கக்கூடாது, என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வழிவழியாக அனுபவிக்க வேண்டும்” என்று உறுதி எழுதி வைக்கலாமா? எங்கள் தோப்பூரில் வயல்காணி வைத்திருக்கும் பெரியவர்களிடம் இந்த ஆசை இருப்பதை நான் அறிவேன். ஆனால், இலங்கைச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

முன்னர் உரோம டச்சுச் சட்டத்தின் ‘பிடெய்கொமிசம்’ முறையில் காணிகளை இவ்வாறு கட்டி வைத்தார்கள். முஸ்லிம்களும் அப்படிப் பல உறுதிகளை எழுதினர். 1876ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கு எல்லை வகுத்தது. உறுதி எழுதும்போது உயிரோடு அல்லது கருவில் இருந்து, அதில் குறிப்பிடப்பட்டவர்களின் ஆயுட்காலத்துக்கு அப்பால் விற்பனைத் தடை செல்லாது என்றது. 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அம்முறையையே ஒழித்தது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் குடும்ப நம்பிக்கைப் பொறுப்புகளுக்குக் கால எல்லை வைத்திருக்கிறது.

“நாங்கள் முஸ்லிம்கள், எங்களுக்குக் குடும்ப வக்பு உண்டே” என்று சிலர் கேட்கலாம். இந்தியாவில் 1894இல் பிரிவிக் கவுன்சில், ஏழைகளுக்கான பங்கை எட்டாத தூரத்தில் வைத்த குடும்ப வக்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஜின்னா முன்னின்று கொண்டுவந்த 1913ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வக்புகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இங்கு நிலைமை வேறு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் நன்கொடைகளுக்கு முஸ்லிம் சட்டத்தை ஏற்றபோதும், பிடெய்கொமிசமும் நம்பிக்கைப் பொறுப்பும் கலந்த நன்கொடைகளை அதிலிருந்து விலக்கியது.

முஸ்லிம் நாடுகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. எகிப்து 1946இல் குடும்ப வக்பை இரண்டு தலைமுறை அல்லது 60 ஆண்டு என மட்டுப்படுத்தி, 1952இல் முற்றாக ஒழித்தது. லெபனான் 1947இல் இரண்டு தலைமுறை என எல்லையிட்டது. காரணம் விளங்காததல்ல. தலைமுறை பெருகப் பெருக ஒருவரது பங்கு ஒரு பிடி நெல்லாகச் சுருங்குகிறது. பராமரிக்க எவரும் முன்வருவதில்லை, விற்கவும் வழியில்லை. பெண்மக்களின் பங்கை மறைக்கவும் அது வழியாகலாம். இந்தியாவின் 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், குடும்ப வக்பினால் பெண் வாரிசுகளின் உரிமை மறுக்கப்படக் கூடாது என்று கூறுவதும் அதனால்தான்.

ஆகவே, இரண்டு ஆசைகளையும் ஒரே உறுதியில் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. பிள்ளைகளுக்குரியதை ஆண், பெண் எவருக்கும் குறையாமல் கொடுத்துவிடுங்கள். என்றென்றும் நிலைக்க வேண்டுமென நினைப்பதைப் பள்ளிவாசலுக்கோ, மத்ரஸாவுக்கோ, ஏழைகளுக்கோ வக்பு செய்யுங்கள். அதை 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டப்படி வக்பு சபையில் பதிவு செய்யுங்கள். நோக்கத்தையும், பொறுப்பாளர் யார், அவருக்குப் பின் யார் என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

கைபர் நிலத்தை விற்கவோ வாரிசுக்குக் கொடுக்கவோ கூடாது என வக்பு செய்த உமர் (ரழி) அவர்கள், உறவினரோடு ஏழைகளையும் வழிப்போக்கரையும் அதில் பங்காளிகளாக்கினார்கள். நமது சட்டத்திலும் நிரந்தரம் தர்மத்துக்கு மட்டுமே உண்டு.