தோல்வியின் நினைவும் ஹான்ஷின் டைகர்ஸ் ரசிகர் மரபும்

ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் ஹான்ஷின் டைகர்ஸ் அணிக்கும் யோமியூரி ஜயண்ட்ஸ் அணிக்கும் இடையிலான பகை, ஒசாகாவுக்கும் தோக்கியோவுக்கும் உள்ள பழைய போட்டியின் விளையாட்டு வடிவம் என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. மானிடவியலாளர் வில்லியம் கெல்லியும் ஒசாகாவின் ‘இரண்டாம் நகர’ மனநிலையை இதன் பின்னணியில் கண்டார். இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் சமபலமற்ற இரு தரப்புக்கிடையே பகை எவ்வாறு இத்தனை காலம் சூடு தணியாமல் நீடிக்கிறது என்பதற்கு அது முழு விடையாகாது. லீக் இரண்டாகப் பிரிந்த 1950 முதல், இரு லீக்குகளின் பிரதிநிதி அணிகள் மோதும் ஜப்பான் தொடரை ஜயண்ட்ஸ் 22 முறை வென்றிருக்க, டைகர்ஸ் 1985இலும் 2023இலும் மட்டுமே வென்றுள்ளது. வெற்றிக் கணக்கில் நிற்காத இப்பகையை ரசிகர்கள் மனக்குறைகளின் கணக்கைக் கொண்டே காத்துவந்துள்ளனர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1935இல் ஒசாகா டைகர்ஸ் என்ற பெயரில் அமைந்த இவ்வணி, 1937, 1938 ஆகிய ஆண்டுகளின் வாகையர் தீர்மானத் தொடர்களில் தோக்கியோவின் ஜயண்ட்ஸ் அணியை வீழ்த்தியது. வேறுபாடு உரிமையாளர்களிடம் இருந்தது. யோமியூரி ஒரு செய்தித்தாள் நிறுவனம் என்பதால் தன் அணியை நாடெங்கும் கொண்டுசெல்ல அதனால் முடிந்தது. ஒசாகா, கோபே ஆகிய நகரங்களின் பெயர்களிலிருந்து ஓரெழுத்து வீதம் எடுத்துப் பெயர் சூட்டிக்கொண்ட ஹான்ஷின் ரயில் நிறுவனத்துக்கோ தண்டவாளம் செல்லும் வரையே எல்லை. அந்நிறுவனம் 1924இல் கட்டிய கோஷியென் அரங்கமும் ஒசாகாவில் இல்லை, ஹியோகோ மாநிலத்தின் நிஷினோமியாவில் உள்ளது. ஆகஸ்டில் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளுக்காக டைகர்ஸ் அதையும் விட்டுக்கொடுத்து வெளியூர்களில் ஆடுகிறது. ரொக்கோ மலையிலிருந்து இறங்கும் காற்றைப் பெயராகக் கொண்ட அணிப்பாடலையும், ஏழாம் சுற்றில் பல்லாயிரம் நீள்பலூன்களை ஒருசேரப் பறக்கவிட்டுவந்த வழக்கத்தையும் இந்த வட்டாரப் பற்றின் வெளிப்பாடுகளாகக் கொள்ளலாம்.

வெளிநாட்டவர் அதிகம் அறிந்தது கர்னல் சாண்டர்ஸ் கதையே. 1985 அக்டோபர் 16 அன்று லீக் வாகை உறுதியானதும் தோதொன்போரி கால்வாய்ப் பாலத்தில் கூடிய ரசிகர்கள், ஒவ்வொரு வீரரின் பெயரையும் கூவி, அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவரைக் கால்வாயில் குதிக்கவைத்தனர்; தாடி வைத்த அமெரிக்க வீரர் ராண்டி பாஸை ஒத்தவர் கிடைக்காததால் அருகிலிருந்த கேஎஃப்சி கடையின் கர்னல் சாண்டர்ஸ் சிலை தண்ணீருக்குள் போயிற்று. 1987 முதல் 2001 வரை பத்து முறை அணி கடைசி இடம் பெற்றதற்கு அதன் சாபமே காரணம் எனப்பட்டது. 2009இல் இடக்கையும் கண்ணாடியும் இன்றிச் சிலை மீட்கப்பட்டது. சுவையான கதைதான், எனினும் தோல்வியின் பழியைத் தம்மீதே போட்டுக்கொண்டு சிரிக்கும் இக்கதையில் ஜயண்ட்ஸுக்கு இடமே இல்லை என்பதால், பகையின் வேரை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

1973இல், தோல்வி தவிர்த்தாலே வாகை என்ற நிலையில், கோஷியெனில் நடந்த இறுதி ஆட்டத்தில் டைகர்ஸ் ஜயண்ட்ஸிடம் 0-9 எனத் தோற்றது. சினமுற்ற ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கினர். 1978இல் புதிய வீரர் தேர்வில் டைகர்ஸ் குலுக்கலில் பெற்ற எகாவா, இறுதியில் ஜயண்ட்ஸுக்கே போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஈடாக வந்த பந்தெறிபவர் கொபயாஷி அடுத்த ஆண்டில் தம் பழைய அணியை எட்டு முறை வீழ்த்தியதால் ரசிகர்கள் அவரைக் கொண்டாடினர்.

இவற்றுக்கெல்லாம் முந்தியதும் ஆழமானதும் 1959 ஜூன் 25 அன்று பேரரசர் நேரில் கண்ட ஆட்டம். 4-4 என்ற சமநிலையில், கடைசிச் சுற்றில், ஜயண்ட்ஸின் நகாஷிமா அடித்த பந்து இடப்புற எல்லைக் கம்பத்தை ஒட்டிப் பார்வையாளர் பகுதியில் விழுந்தது. கம்பத்துக்கு உட்புறமாயின் ஆட்டத்தை முடிக்கும் ஹோம் ரன், வெளிப்புறமாயின் செல்லாத அடி; நடுவர் ஹோம் ரன் என்றார். பந்தை எறிந்த டைகர்ஸின் முராயாமா மினோரு, 1998இல் இறக்கும் வரை அது செல்லாத அடி என்றே சொல்லிவந்தார்.