கணக்குப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள்: விசுவாசிகளான வியாபாரிகளின் ஐக்கியம் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை



எமது சபை பிறந்து வளர்ந்த கதையை இம்மலரில் மூத்தவர்கள் எழுதுகிறார்கள். நான் வேறொரு வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். எங்கள் நடுவில் பலசரக்குக் கடை நடத்துகிறவர்கள், பெற்றோல் நிலையம் எடுத்தவர்கள், உணவகம் வைத்திருப்பவர்கள், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் சகோதரிகள் எனப் பலர் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது, “எப்படி, கடை போகுதா?” என்று கேட்கிறோம். “கர்த்தருடைய கிருபையால் போகுது” என்று பதில் வருகிறது. அதற்கு மேல் நாங்கள் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

இதற்கு மேலும் கேட்ட விசுவாசிகள் இந்த இலண்டன் மாநகரத்தில் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் பின்பற்ற வேண்டியதும் உண்டு, தவிர்க்க வேண்டியதும் உண்டு.

கிறிஸ்தவத்தில் தொழிலும் ஐக்கியமும் சேர்ந்து நடப்பது புதிதல்ல. பவுல் கொரிந்து பட்டணத்துக்கு வந்தபோது, கூடாரத் தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு தங்கி வேலை செய்தார் என்பதை அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதற்கு முன்பு பிலிப்பி பட்டணத்தில் அவருக்கு வீட்டைத் திறந்தவள் இரத்தாம்பரம் விற்ற லீதியாள். பெரிய பட்டணங்களில் சுவிசேஷம் கடைத்தெரு வழியாகவும் நடந்திருக்கிறது.

கணக்கைக் கேட்ட சபை

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஃபொக்ஸ் என்பவரின் ஊழியத்தால் எழுந்தவர்கள் குவேக்கர்கள். தங்களை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். இயேசுவின் கட்டளைப்படி சத்தியம் செய்ய மறுத்ததால் அரச பதவிகளும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பட்டங்களும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. திறந்திருந்த வழிகளில் முக்கியமானது வியாபாரம். பேரம் பேசாமல் ஒரே விலை சொன்னார்கள். சிறு பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற பெயர் கிடைத்தது. வியாபாரிகள் எப்படி நடக்க வேண்டும் என்று ஃபொக்ஸ் 1661இலேயே ஒரு பிரசுரம் எழுதினார். 1690இல் இலண்டன் லொம்பார்ட் வீதியில் இரண்டு குவேக்கர்கள் நடத்திய பொற்கொல்லர் வங்கிதான் பின்னாளில் பார்க்ளேஸ் வங்கியாக வளர்ந்தது.

ஆனால் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அவர்களுடைய செல்வத்தை அல்ல, அவர்களுடைய மாதாந்தக் கூட்டத்தை. ஓரிடத்துச் சபைகளின் காரியங்களை விசாரிக்க மாதம் ஒருமுறை கூடினார்கள். அங்கே திருமணமும் தருமப் பணமும் பேசப்பட்டதுபோல, அங்கத்தவர்களின் தொழில் நேர்மையும் பேசப்பட்டது. தாங்கக்கூடியதற்கு மேல் வியாபாரத்தை விரிக்க வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார்கள். முதல் போதாமல் தொழில் தொடங்குகிறவர், கடன் வாங்குமுன் அனுபவமுள்ள மூத்த சகோதரரிடம் யோசனை கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் வரவு செலவைக் காலந்தோறும் சோதிக்க வேண்டும். ஒருவருடைய தொழில் தடுமாறுகிறது என்று தெரிந்தால், நம்பிக்கையான சிலரை அவரிடம் அனுப்பினார்கள்.

கடனைத் தீர்க்காமல் ஒருவர் விழுந்துபோனால் அது அவருடைய சொந்தப் பிரச்சினை என்று விடவில்லை.  சட்டம் கடனிலிருந்து விடுதலை கொடுத்தாலும், பின்னர் வசதி வந்தால் மீதியையும் கொடுத்துத் தீர்ப்பதே நீதி என்று போதித்தார்கள்.

ஐந்து பவுண் தாளில் இருந்த அம்மா

2002 முதல் 2017 வரை எங்கள் கைகளில் புழங்கிய ஐந்து பவுண் தாளின் பின்பக்கத்தில் எலிசபெத் ஃபிறை அம்மையார் நியூகேற் சிறைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டும் படம் இருந்தது. நான் தாதிப் பயிற்சி பெற்றது இந்த நாட்டில். அவருடைய பெயர் தாதியரின் வரலாற்றிலும் வருகிறது. நோயாளிகளை வீடு வீடாகச் சென்று பராமரிக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்றை அவர் 1840இல் இலண்டனில் தொடங்கினார்.

அவருடைய குடும்பம் வாழ்ந்தது ஈஸ்ட்ஹாமில், பிளாஷெற் மாளிகையில். நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் அதே ஈஸ்ட்ஹாம்தான். பிளாஷெற் என்ற பெயர் அங்கே பூங்காவுக்கும் வீதிக்கும் இன்றும் இருக்கிறது. கணவர் ஜோசப் ஃபிறை வங்கி நடத்தியவர். 1828 நவம்பரில் அந்த வங்கி முறிந்தது. மாளிகையை விட்டு, அப்ரன் லேனில் சிறிய வீடொன்றுக்குக் குடும்பம் போயிற்று. எலிசபெத்தின் சகோதரர்களான கேர்ணி குடும்பத்தார் கைகொடுத்தார்கள். சபையோ ஜோசப்பை அங்கத்துவத்திலிருந்து நீக்கியது.

கணவர் நீக்கப்பட்ட அதே சபையில் மனைவி ஊழியக்காரியாகத் தொடர்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடன்காரருக்கு நீதி வேண்டும் என்பது சரி. ஆனால் விழுந்தால் வெளியே தள்ளப்படுவேன் என்று தெரிந்தவர், விழத் தொடங்கும்போது யாரிடம் வாய் திறப்பார்?

கேட்பதை நிறுத்தினாலும் ஆபத்துத்தான். எலிசபெத்தின் சகோதரர் சாமுவேல் கேர்ணி நடத்திய ஓவரெண்ட் கேர்ணி நிறுவனம் இலண்டன் நிதிச் சந்தையில் பெரும் பெயர் பெற்றது. 1856இல் அவர் இறந்தபின் வந்தவர்கள் நட்டத்தை மறைத்து, 1865இல் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். 1866 மே 10ஆந் திகதி நிறுவனம் கதவை மூடியது. கடன் ஏறக்குறைய 11 மில்லியன் பவுண். குடும்பத்தின் நல்ல பெயரை நம்பியவர்கள் கணக்கைக் கேட்கவில்லை.

மதிய நேரத்து ஜெபம்

இனி அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், நியூயோர்க் நகரத்துக்கு வாருங்கள். ஆண்டு 1857. ஓகஸ்டில் ஒரு பெரிய நிதி நிறுவனம் முறிந்தது, ஒக்ரோபரில் நியூயோர்க் வங்கிகள் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. வியாபாரிகள் பலர் நிலைகுலைந்தார்கள். அந்நாட்களில் ஃபுல்ற்றன் வீதியில் இருந்த டச்சுச் சபையில் ஜெரமையா லான்பியர் என்பவர் ஊழியம் செய்துகொண்டிருந்தார். முன்பு அவரும் வியாபாரி. கடைக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் மதிய இடைவேளைதான் ஓய்வு என்று அறிந்து, செப்ரெம்பர் 23ஆந் திகதி நண்பகலில் ஜெபக்கூட்டம் வைத்தார். முதல் அரை மணி நேரம் தனியே இருந்தார். பிறகு ஆறு பேர் வந்தார்கள்.

அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்த வாரம் நாற்பது. சீக்கிரமே தினக்கூட்டமாயிற்று. 1858 வசந்த காலத்தில் நாடக அரங்கில்கூட ஜெபம் நடந்தது. விதிகள் எளிமையானவை. ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம், முழு மணி நேரமும் இருக்கலாம். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. சபைப் பிரிவுகளின் வாக்குவாதங்களை எடுக்கக்கூடாது. முறிந்தவனும் முறியாதவனும் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தார்கள்.

இலண்டன் குவேக்கர்கள் கணக்கைத் திறந்தார்கள், ஆனால் விழுந்தவனுக்குக் கதவை மூடினார்கள். நியூயோர்க்காரர் கதவை எல்லோருக்கும் திறந்தார்கள், ஆனால் அது ஜெபக்கூட்டம், அங்கே கணக்கைப் பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்க்கும் முயற்சிகள் எங்கள் காலத்தில் நடக்கின்றன. 1992இல் அமெரிக்காவின் ரம்பா நகரில் தொடங்கிய ‘சீ ருவெல்வ்’ அமைப்பில், கிறிஸ்தவத் தொழில் அதிபர்கள் சிறு குழுவாக மாதம் ஒருமுறை கூடி, தங்கள் நிறுவனங்களின் பிரச்சினைகளை ஒருவர் முன் ஒருவர் வைக்கிறார்கள். அது பெரிய கொம்பனிகளுக்கு ஏற்ற முறை. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

எங்கள் நடுவில்

எங்கள் ஆட்களிடம் சீட்டு உண்டு. பணமுடை தீர்க்க அது எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் ஏலத்தில் ஒருவர் பெருங் கழிவுக்குச் சீட்டை எடுக்கும்போது, அவருக்கு என்ன நெருக்கடி என்று சுற்றியிருக்கிற எல்லோருக்கும் விளங்குகிறது. ஒருவரும் கேட்பதில்லை. நெஞ்சுவலியோடு வந்து, இரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்னே “கடையைப் பூட்ட ஆளில்லை” என்று எழும்புகிறவர்களை என் வேலையில் பார்க்கிறேன். வார்டில் நாங்கள் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மணிக்கணக்குப்படி எழுதுவது ஆள் மயங்கி விழுந்த பின்னர் அல்ல, அவர் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே. எண்கள் முதலில் மாறும், முகம் பிறகுதான் மாறும். கடைக்கும் அப்படித்தான்.

ஆகையால், தொழில் செய்யும் சகோதர சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் மாதம் ஓர் இரவு கூடுங்கள். கணக்குப் புத்தகத்தையும் வரிக் கடிதங்களையும் கொண்டு வாருங்கள். கணக்கு எழுதுகிற மனைவிமாரையும் கூட்டி வாருங்கள், அநேகமாக உண்மை நிலை அவர்களுக்குத்தான் தெரியும். அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது. அந்த மேசையில் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். கடன் வந்தால் பேச்சு நின்றுவிடும். கணக்காளரோ சட்டத்தரணியோ தேவையென்றால் சேர்ந்து போங்கள். கடையை மூடவேண்டி வந்தவருடைய நாற்காலியை எடுத்துவிடாதீர்கள். அவர் கண்டது மற்றவர்களுக்குத் தேவைப்படும்.

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி பவுல் கலாத்தியருக்கு எழுதினார். பாரம் எவ்வளவு என்று தெரியாமல் சுமக்க முடியாது. எத்தனை பேர் வருவார்கள் என்று தயங்க வேண்டாம், ஃபுல்ற்றன் வீதியிலும் முதல் நாள் ஆறு பேர்தான். கர்த்தர் உங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.