41 விநாடிகள்

1769 ஜூன் 3ஆம் தேதி இரவு புதுச்சேரி வானம் மாசற்றுத் தெளிந்திருந்தது. பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தி அன்றிரவு வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்துவிட்டு உறங்கச் சென்றார். மறுநாள் காலை, சூரிய வட்டத்தை வெள்ளி கடந்து முடிக்கும் கணத்தை அவர் அளந்தாக வேண்டும். அந்தக் கடப்பைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்தால் சூரியனுக்கும் நமக்குமான தொலைவு கிடைக்கும் என்று எட்மண்ட் ஹாலி 1716இல் எழுதியிருந்தார்.

லெ ஜாந்தி பிரான்ஸிலிருந்து புறப்பட்டது 1760 மார்ச்சில். போர் குறுக்கிட்டது, அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1761 ஜூன் 6ஆம் தேதி நிகழ்ந்த கடப்பை ஆடும் கப்பலின் தளத்திலிருந்து வெறுமனே பார்க்கத்தான் முடிந்தது. அடுத்தது 8 ஆண்டுகளில். அதையும் விட்டால் நூறாண்டுக்கு மேல். காத்திருப்பது என்று முடிவு செய்தார். மடகாஸ்கர், மணிலா என்று அலைந்து, பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைத்த புதுச்சேரிக்கு 1768இல் வந்தார். சென்னையிலிருந்து ஆங்கிலேயர் தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்து உதவினர்.

அதிகாலையில் எழுந்து பார்த்தபோது மேகம் மூடியிருந்தது. கடப்பு முடிந்து சிறிது நேரத்தில் சூரியன் வெளியே வந்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது.

இந்தக் கதையை அறிந்தவர்கள் பலர். (2004 ஜூன் 8ஆம் தேதி, தொலைநோக்கி வெள்ளைத் தாளில் விழச்செய்த சூரிய வட்டத்தில் மிளகளவுக் கரும்புள்ளியாக வெள்ளி ஊர்ந்ததைக் கண்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.) ஆனால் காத்திருந்த நாட்களில் அவர் செய்த காரியம் ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவ்வூர்ச் சோதிடக் கணிதர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று தமிழர் ஒருவரிடம் அவர் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதிய சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் மிகச் சிறந்தவையாக மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணைகள் 68 விநாடி கூட்டிக் காட்டின.

இந்த 41 விநாடியை நம்மவர்கள் பெருமையோடு மேற்கோள் காட்டுவதுண்டு. அவர்கள் 1825க்கு வருவதில்லை. அவ்வாண்டு ஜான் வாரன் 'கால சங்கலிதம்' என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, அவ்வாண்டு மே 31ஆம் தேதி இரவின் சந்திர கிரகணத்தை அவருக்குக் கணித்துக் காட்டியிருந்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. அப்படியானால் 41 விநாடி பொய்யா? பொய்யல்ல, ஒரேயொரு கிரகணம். அதிலும் அது நீடித்த நேரம் மட்டும். தொடங்கும் நேரம் தவறினாலும் நீடிக்கும் நேரம் சரியாக வந்துவிடலாம்.

என்னை வியக்கவைப்பது வேறொன்று. அந்தச் சோழிக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, அபாரமான நினைவாற்றல் மட்டுமே உண்டு என்கிறார் வாரன். சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்களில் எழுத்துகளே எண்கள். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வருவதிலிருந்து மீண்டும் அவ்வாறு வருவதற்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாள். அத்தகைய 9 சுற்றுகளுக்கு 248 நாள். பாபிலோனியரும் இதே சுழற்சியைக் கையாண்டார்கள். 1952இல் இதைப் பற்றி எழுதிய ஓட்டோ நாய்கெபாவர், கணக்கின் துல்லியத்தைவிட அது அறுபடாமல் கைமாறி வந்ததையே முக்கியமாகக் கண்டார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

தொடர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. வாக்கியங்கள் மாறாதவை, வானத்தைப் பார்த்து அவற்றைத் திருத்துவார் இல்லாதபோது பிழை சேர்ந்துகொண்டே போகும். சனிப்பெயர்ச்சி நாளில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் மாதக்கணக்கில் பிரிந்து நிற்பதை நாம் இன்றும் பார்க்கிறோம். வானத்தைப் பார்ப்பதற்கென்றே 8 ஆண்டு காத்திருந்தவருக்கு வானம் கிடைக்கவில்லை. நிமிர்ந்து பாராமல் சோழி வைத்தவருக்குக் கிரகணமாவது கையில் வந்தது, 52 நிமிடம் தவறியே ஆனாலும்.

லெ ஜாந்தி 1771இல் நாடு திரும்பினார். அவர் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டு, சொத்து வாரிசுகளிடையே பங்கு போடப்பட்டுக்கொண்டிருந்தது. அறிவியல் கழகத்தில் அவரது இடத்திலும் வேறொருவர் இருந்தார். 1779இலும் 1781இலுமாக இரண்டு பாகங்களில் தம் பயணத்தை எழுதினார். வெள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லாத அந்த நூலில், சோழமண்டலக் கரைக் கணிதர்கள் எண்களைக் கையாண்ட முறையைப் படிப்படியாக விவரித்து வைத்தார்.