புனித மாற்கு ஆலயம், பதுளை

ஊவா மாகாணத்தின் தலைநகரான பதுளையில் உள்ள ஆங்கிலிக்கன் கோயில். 1857இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. மின்னல் தாக்கி இறந்த ஓர் அதிகாரியின் நினைவாக எழுந்தது. அந்த மின்னலை யார் ஏவியது, எதற்காக ஏவியது என்ற கேள்விதான் கட்டடத்தைவிட இதற்குப் பெயர் தேடித் தந்தது.

மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்தவர். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். கோப்பி பயிரிட மலைக்காடுகள் அழிக்கப்பட்டுவந்த அக்காலத்தில் பாதை போட்டவர் என்று நல்ல பெயர் அவருக்கு உண்டு. இன்னொரு பெயரும் உண்டு: அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்று அக்கால இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ட் எழுதியிருக்கிறார். பயிரை அழிக்கும் விலங்கென்று யானையைக் கொல்வோருக்கு அரசே சன்மானம் கொடுத்த காலம் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

1845 ஜூன் 7 அன்று அப்புத்தளையில் இடிமழை. கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே, இருபுறமும் சரிந்திறங்கும் மலைமுகடு அது. மழை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க விடுதியை விட்டு வெளியே வந்த றொஜர்ஸை மின்னல் சாய்த்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. உடலை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அங்கே கல்லறையையும் மின்னல் விடவில்லை, கல் பிளந்துபோனது என்பார்கள்.

ஊரார் தீர்ப்பு உடனே வந்தது: யானைகளின் பாவம் சும்மா விடுமா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மலைநாட்டில் வேட்டையாடி, அதைப் பெருமையோடு புத்தகமாகவும் எழுதிய சாமுவேல் பேக்கர் 72 வயதுவரை வாழ்ந்து 1893இல் இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்தார். வினைக் கணக்கு அவ்வளவு நேராக விழுந்துவிடுவதில்லை.

கோயிலை எழுப்பியவர்கள் றொஜர்ஸின் நண்பர்களும் அவரை மதித்தவர்களும். மின்னலைக் கடவுளின் செயலாகக் காண்பது, அதைத் தண்டனையாகக் கொள்ளாதிருப்பது: அவர்கள் கையில் இருந்த வேதாகமத்தில் இந்த இரண்டுக்கும் இடம் உண்டு. 29ஆம் சங்கீதம் இடியைக் கர்த்தரின் குரலாகக் கேட்டு வியக்கிறது. யோபுவின் 38ஆம் அதிகாரத்தில், மின்னலை அனுப்பி வைக்க உன்னால் ஆகுமா என்ற பொருளில் கடவுளே மனிதனைக் கேட்கிறார். லூக்கா 13இலோ சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்கிறார் இயேசு. மின்னல் கடவுள் கையில் இருக்கிறது. அதனாலேயே அது தண்டனை ஆகிவிடாது. செத்தவர் மேல் குற்றம் தேடாமல் கடவுள் மேல் நம்பிக்கை வைப்பது எவ்வளவு கடினம் என்பது துக்க வீட்டுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும்.

இதே வேதாகமம் தமிழில் கோப்பித் தோட்டங்களுக்குள் வந்தது வேறு வழியாக. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை அழைத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு அனுப்பியது. இடி இடித்தால் அர்ச்சுனன் பேர் பத்தையும் சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தத் தொழிலாளர்களுக்குப் பழகியது. உபதேசியார் வேறு பெயர் சொல்லிக்கொடுத்தார். இடிக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கிறார் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.