களிமண்ணுக்கு வந்த ஜாக்கி

சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களில் சீட்டுக்கு அடியிலோ கருவிப் பெட்டியிலோ எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பாட்டில் ஜாக்கி கிடக்கும். பஞ்சர் ஆனால் மட்டும் நினைவுக்கு வருகிற சாமான். ஆனால் அதன் வம்சம் பெரியது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார். அதை வைத்து 1795-இல் ஜோசப் பிரமா லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது இருந்த இடத்தைவிட்டு நகராத இயந்திரம். அதைக் கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சுருக்கியவர் ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்த ரிச்சர்ட் டட்ஜன். ஆண்டு 1851.

ஜாக்கிக்குள்ளே நடப்பது எளிய கணக்கு. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன பிஸ்டன், மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய பிஸ்டனுக்கு எண்ணெயைத் தள்ளினால் விசை ஒன்பது மடங்காகும். கைப்பிடியின் நெம்புகோல் பதினைந்து மடங்கு கொடுக்கிறது என்று வைத்தால் மொத்தம் 135. கையால் 20 கிலோ அழுத்தினால் மேலே 2,700 கிலோ, உராய்வில் போவது போக. இதற்கு விலையும் உண்டு. கை ஒரு மீட்டர் அசைந்தால் சுமை ஏழு மில்லிமீட்டர்தான் ஏறும். வயிற்றெரிச்சலோடு பம்ப் அடிக்கும் ஓட்டுநர்கள் இந்தக் கணக்கைக் கையால் அறிந்தவர்கள்.

ஜாக்கிக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கப்பல். பொறியாளர் புருனேல் வடிவமைத்த கிரேட் ஈஸ்டர்ன், 692 அடி நீளம். 1857 நவம்பரில் தேம்ஸ் கரையில் அதை ஆற்றுக்குள் இறக்கப் பார்த்தார்கள், கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. பர்மிங்காமின் டாங்கி சகோதரர்கள் செய்த ஹைட்ராலிக் ஜாக்கிகளை வரிசையாக வைத்து அங்குலம் அங்குலமாகத் தள்ளி, 1858 ஜனவரி 31-இல் மிதக்கவிட்டார்கள். பயணிகள் கப்பலாகத் தோற்றுப்போன அதே கிரேட் ஈஸ்டர்ன்தான் 1870-இல் பம்பாய்க்கு வந்து ஏடனுக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டது.

இந்தக் குடும்பத்துக்கு எண்ணெயே இல்லாத ஒரு கிளையும் உண்டு. 1905-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் புளூம்ஃபீல்ட் என்ற சிற்றூரில் பிறந்த ஹை-லிஃப்ட் ஜாக்கி. துளைகள் போட்ட ஓர் இரும்புத் தண்டு, அதில் துளைக்குத் துளை ஏறும் இரண்டு ஊசிகள், ஒரு நீண்ட கைப்பிடி, அடியில் ஒரு தட்டு. அவ்வளவுதான். விவசாயிகள் வேலிக் கம்பம் பிடுங்கவும் கம்பி இழுக்கவும் அதை வைத்துக்கொண்டார்கள். 1941-இல் பிறந்த ஜீப்பும் அதற்குப் பின் வந்த லேண்ட் ரோவரும் சாலை இல்லாத இடங்களுக்குப் போனபோது இந்தப் பண்ணை ஜாக்கியும் பின்னால் தொற்றிக்கொண்டது. மூன்றடிக்கு மேல் தூக்கும், இழுக்கும், தேவைப்பட்டால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். இன்று நம்மூர் தார் ஜீப்புகளின் பின்கதவில் சிவப்பாகத் தொங்குவது அதன் பேரப்பிள்ளை. பாதிப் பேர் அதை அழகுக்குத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கடலூர் மாவட்டத்துக்கு வந்ததும் ஜாக்கிக்குப் புதுச் சோதனை. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் முந்திரி விளையும் செம்மண். கரையோரம் தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை மணல். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வந்தால் வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் களிமண். ஒரே நாளில் ஒரே வண்டி மூன்றிலும் போய்வர முடியும். ஜாக்கியின் மேல் எத்தனை டன் என்று எழுதியிருக்கிறது என்பதைத்தான் கடையில் எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் கீழே என்ன இருக்கப்போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரும்பு ஏற்றிய டிரெய்லரில் ஒரு சக்கரத்தின் மேல் இரண்டு டன் என்று வையுங்கள். பாட்டில் ஜாக்கியின் அடி பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ. ஊறிய களிமண் தாங்குவது அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். இரண்டடிக்கு ஒன்றரை அடி அகலத்தில் தடித்த பலகை ஒன்றை அடியில் போட்டால் அழுத்தம் முக்கால் கிலோவுக்கு வந்துவிடும். மூன்று அங்குலத் தடிமனாவது வேண்டும். மெல்லிய பலகை நடுவில் வளைந்து, சுமை மறுபடி ஒரே புள்ளியில் விழும். பழைய ரயில் சிலீப்பர் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். அந்தப் பலகைக்கு ஆகும் காசை மிச்சம் பிடித்து பத்து டன் ஜாக்கி வாங்குவது வீண் பெருமை. மணலில் வேறு தொல்லை, பாரம் ஏற ஏற மணல் பக்கவாட்டில் ஒதுங்கும். கொஞ்சம் தோண்டிப் பலகையைப் பதித்து வைத்தால் நிற்கும். செம்மண் காய்ந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

அடுத்தது, எதைத் தூக்குகிறோம் என்பது. பொலேரோ, தார் போன்ற சேஸ் வண்டிகளில் பாட்டில் ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுத்தால் நாலைந்து அங்குலத்தில் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். ஹை-லிஃப்ட் தூக்குவது வண்டியின் உடம்பை. ஸ்பிரிங் முழுக்க விரிந்து தீர்ந்த பிறகுதான் சக்கரம் கிளம்பும், அதற்குள் வண்டி ஆபத்தான உயரத்துக்குப் போய் ஆடிக்கொண்டிருக்கும். தவிர, இரும்பு பம்பரோ பக்கக் குழாயோ இல்லாத வண்டியில் அதை மாட்ட இடமே கிடையாது. பிளாஸ்டிக் பம்பரில் கொடுத்தால் பம்பர் மட்டும் தனியாக மேலே வரும். பெரிய டயர் மாட்டியவர்கள் கம்பெனி கொடுத்த ஜாக்கி இன்னும் எட்டுகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுவது நல்லது. டிராக்டர் பின்டயரில் பிடிப்புக்காகத் தண்ணீர் ஏற்றியிருந்தால் ஒரு டயரிலேயே நூறு லிட்டருக்கு மேல் இருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மிகக் கனமான வண்டிகளான தேர்கள் சிதம்பரம் தேர்வீதிகளில் ஆனியிலும் மார்கழியிலும் ஓடுகின்றன. அவற்றின் முட்டுக்கட்டைக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது ஜாக்கிக்கும் பொருந்தும்: சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் எதையும் தொடக்கூடாது. தூக்கிய வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பதற்கு முன் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி முட்டு கொடுத்தாக வேண்டும். இந்த இரு வகை ஜாக்கியும் தூக்குவதற்கு, தாங்கிக்கொண்டு நிற்பதற்கு அல்ல. ஹை-லிஃப்டில் கைப்பிடி வீச்சுக்குள் முகத்தைக் கொண்டுபோகவே கூடாது. ஊசி சரியாக உட்காராமல் கைப்பிடி நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும். சுமை 70 கிலோவுக்குக் குறைந்துவிட்டால் அது படிப்படியாக இறங்காது, ஒரேயடியாக விழும்.

இந்தக் கரையில் ஜாக்கியைக் கொல்வது பாரமல்ல, உப்பும் வெள்ளமும். உப்புக்காற்றில் பிஸ்டன் தண்டு வெளியே நீட்டியபடி கிடந்தால் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அடுத்த முறை உள்ளே போகும்போது அந்தப் புள்ளிகள் ஆயில் சீலைக் கீறும், பிறகு ஒழுகல்தான். ஆகவே தண்டை முழுக்க இறக்கி, வால்வை மூடி, எண்ணெய்த் துணியால் துடைத்து, நிமிர்த்தி வைக்க வேண்டும். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி வண்டி முழுகிய பிறகு எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். முழுக்கக் கொட்டிவிட்டு ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது சீலை ஊதவைத்துக் கெடுக்கும். பம்ப் அடித்தும் ஏறாமல் பஞ்சுபோல் அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது, வால்வைத் திறந்துவிட்டுப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் வெளியேறும். ஹை-லிஃப்டுக்குச் சேற்றை டீசலில் கழுவி, ஊசிகளுக்கு மெல்லிய எண்ணெய் போதும். கிரீஸ் பூசினால் மணல் ஒட்டும்.

கடலூர் முதுநகர்ப் படகுத் துறை போன்ற இடங்களில் இத்தனை வம்சத்துக்கும் மூத்த ஸ்க்ரூ ஜாக்கிக்கு இன்னும் வேலை இருக்கிறது. கரையேற்றிய மரப்படகு பழுது முடியும்வரை வாரக்கணக்கில் நிற்க வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கி இரவோடிரவாக ஒரு நூலாவது இறங்கிவிடும். திருகுக்கு எண்ணெய் இல்லை, சீல் இல்லை, கசிய ஒன்றுமில்லை. மரைகளில் கனமாகக் கிரீஸ் தடவி, அதன்மேல் ஒரு பழைய சைக்கிள் டியூப்பை உறையாக மாட்டிவிட்டால் போதும்.